எழுபத்திரண்டு போதாதவர்

கெட்டுப்போன பொருளைச் சரிசெய்கிறவர்கள் உலகத்தில் ஓர் இனம். சரிசெய்கிறேன் பேர்வழி என்று கெட்டதை மேலும் கெடுக்கிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரு தரப்பார் மீதும் எனக்குப் புகார் கிடையாது. ஏற்கெனவே கெட்டதுதானே, போனால் போகட்டும். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது மூன்றாவது இனத்தை. இவர்கள் கெட்ட பொருளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். நன்றாக இருக்கிற பொருளைக் கண்டால்தான் இவர்களுக்குக் கை அரிக்கும்.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். நீங்கள் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு இறங்கும்போது, "இன்னும் அரையடி உள்ள போட்டிருக்கலாம்" என்று சொன்னாரே, அவர். கட்டி முடித்த பார்சலை உங்கள் கையிலிருந்து வாங்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி, கயிறு போதாமல் விழித்தாரே, அவர். சொட்டாத குழாயை இறுக்கிச் சொட்ட வைத்தவர். கிறீச்சிடாத கதவுக்கு எண்ணெய் விட்டு, அந்த எண்ணெயிலேயே வழுக்கி விழுந்தவர். விருந்துக்குப் போன வீட்டில் நேராகத் தொங்கிய படத்தை நேராக்கப் போய், ஆணியும் சுண்ணாம்புமாகக் கையில் வாங்கிக்கொண்டு, "இது ரொம்ப நாளா லூசாத்தான் இருந்திருக்கு" என்று வீட்டுக்காரரிடமே தீர்ப்புச் சொன்னவர். அவருக்குப் படிப்பு உண்டா? உண்டு. தொழில் உண்டா? உண்டு. நல்ல மனசு? அது எக்கச்சக்கமாக உண்டு, அதுதான் தொல்லையே. இல்லாதது ஒன்றுதான். சும்மா இருக்கும் சாமர்த்தியம்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர், நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வசித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா? இப்போ? இப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசி வரி வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது என்று சொன்னவர்களையும் எழுந்துபோக விடமாட்டார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்பார். நல்ல கண்ணோடு உள்ளே போனவர்கள் பலர், அரை மணி நேரம் கழித்துத் தங்கள் கண்மீது தங்களுக்கே நம்பிக்கை போய் வெளியே வந்திருக்கிறார்கள். அந்த 'இன்னும் கொஞ்சம்' அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருநூறு தடவை வந்ததால், குடியிருப்பில் அவருக்குப் பெயரே இன்னுங்கொஞ்சம் என்றாகிவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள் இன்னுங்கொஞ்சம் சார் என்றார்கள்.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டினாள். இருபத்தாறு வருடம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பஸ் அக்கா. அவளை விடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அப்படி ஒரு மரியாதை. கல்யாணமான புதிதில் அவள் கணவரிடம் வாங்கிய சத்தியம் ஒன்றே ஒன்று: டிப்போவுக்கு வந்தால் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். அவர் நின்றுகொண்டார். ஆனால் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைக் கொஞ்சம் சரிசெய்தார். அன்று மாலை நாற்பத்திரண்டு பேருந்துகள் வெளியே வர முடியாமல் நின்றன.

இப்போது தொலைக்காட்சிக்கு வருவோம்.

ஊருக்கு வெளியே, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்று. அதன் மேல் வட்டார ஒளிபரப்புக் கோபுரம். மேகம் இல்லாத நாட்களில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதன் சிவப்பு விளக்கு தெரியும். குடியிருப்பின் மாடியில், அந்தக் குன்றைப் பார்த்து, மீன் முள் மாதிரி ஓர் ஆன்டெனா நின்றது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான்; அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி, படிக்கட்டுச் சுவரில் இருந்த பெட்டிக்குள் போய், எட்டாகப் பிரிந்து எட்டு வீட்டுக்கும் போயிற்று.

பழைய காலத்து ஒளிபரப்பு இருந்தவரை இன்னுங்கொஞ்சம் சார் ஒரு சக்கரவர்த்தி. படத்தில் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறக்கும், செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு தெரியும், பந்து ஒன்றை அடித்தால் மூன்று ஓடும். அவர் மாடியில் ஏறி ஆன்டெனாவை விரல் அகலம் திருப்பி, "இப்போ?" என்பார். கீழே எட்டு ஜன்னலிலிருந்து எட்டு அபிப்பிராயம் வரும். பிறகு டிஜிட்டல் வந்தது. படம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி ஆயிற்று. ஏழு குடும்பம் சந்தோஷப்பட்டது. ஓர் ஆத்மா துக்கம் காத்தது. டிஜிட்டலின் குணம் அப்படி: வந்தால் முழுசாக வரும், பலம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டுப் போய்விடும். நடுவில் சுமார் என்றொரு நிலையே கிடையாது. சுமாரை நம்பியே வாழ்ந்த ஒரு மனிதர் என்ன செய்வார்?

மூன்று மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது மாதம், ரிமோட்டில் எதையோ அமுக்கப் போய், அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். திரையின் பாதியை மறைத்துக்கொண்டு இரண்டு பட்டைகள். ஒன்று சிக்னலின் வலிமை. இன்னொன்று சிக்னலின் தரம். தரம்: எழுபத்திரண்டு சதவீதம்.

அன்றோடு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. படம் பார்க்கிற வழக்கமும் போயிற்று. துப்பறியும் கதையில் கொலைகாரன் முகமூடியைக் கழற்றும் நேரத்தில் இவர் பொத்தானை அமுக்குவார். கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு என்று தெரியும். மருந்துக்கடையில் வேலை பார்த்த மகள் பொறுமையாக விளக்கிச் சொன்னாள்: ஐம்பதைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் அறுபதானாலும் தொண்ணூறானாலும் வருவது அதே படம்தான், ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்காது. அவர் சாந்தமாகக் கேட்டார்: "பரீட்சையில ஐம்பது வாங்கினா பாஸ்தாம்மா. நீ ஐம்பதோட நிறுத்திக்கிட்டியா?"

கேள்வி நியாயமானதுதான். மகளே முதல் வகுப்பில் தேறியவள்.

அவர் மாடிக்கு ஏறினார். எழுபத்திரண்டு எழுபத்துநாலாயிற்று, எழுபதாயிற்று, ஒரு தடவை ஒன்றுமே இல்லாமலும் ஆயிற்று. அந்த ஒரு தடவை, பந்தாட்ட இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்த சாயங்காலமாக அமைந்துவிட்டது. குடியிருப்பார் அவசரமாகக் கூடி, மொட்டை மாடிச் சாவியை அவர் கைக்கு எட்டாமல், மூன்றாம் மாடித் தையல்காரம்மாவின் இடுப்பில் செருகிவைக்க முடிவெடுத்தார்கள். ஆறு மாதம் படம் தெரிந்தது.

இப்படி இருக்கையில்தான் பஸ் அக்காவைப் பேட்டி எடுக்க வட்டாரத் தொலைக்காட்சியிலிருந்து ஆள் வந்தார்கள். வாரம் ஒரு மனிதரைக் காட்டும் ஏழு நிமிட நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரே தடவை போடுவார்கள். பிறகு இணையத்தில் கிடைக்குமா என்று அவள் கேட்டதற்கு, கிடைக்கும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள் என்று நிருபர் பெண் சிரித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பெண் கேமராவோடு ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கடைசி நிறுத்தம் வரை கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அக்கா நிதானமாக, அச்சடித்த மாதிரி பதில் சொன்னாள். சாலை விதி, பொறுமை, பயணிகளின் ஒத்துழைப்பு, எல்லாம் சொன்னாள்.

கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்ததும் அக்காவுக்கு மனசு லேசாயிற்று. பேட்டி முடிந்துவிட்டது என்று நினைத்தாள். நிருபர் பெண், வீட்டில் சார் எப்படி என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள். அக்காவும் பேச்சுவாக்கில் பதில் சொன்னாள். சொல்லி முடித்துச் சிரித்து நிமிர்ந்தபோதுதான் கேமராவில் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். கழுத்துப்பட்டியில் மைக் அப்படியே இருந்தது.

அதை வெட்டிவிடுவார்கள் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை நிச்சயம் வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வந்தபோது, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டாள்.

ஞாயிறு பிறந்தது. குடியிருப்பார் எல்லாரும் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்ப்பது என்று ஏற்பாடு. காலை பத்து மணிக்கே நாற்காலிகள் வந்து இறங்கத் தொடங்கின. இன்னுங்கொஞ்சம் சார் தொலைக்காட்சியை முடுக்கி, அந்தப் பக்கத்தைத் திறந்தார். எழுபத்திரண்டு. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"இருபத்தாறு வருஷம் உழைச்சிருக்கே. உன்னைப் போயி எழுபத்திரண்டுல பாக்கறதா?"

இந்த மனிதரின் பிரியம் எப்போதும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடுதான் வரும். ஆனாலும் அது பிரியம்தான். நல்லாத்தானே இருக்கு, விடுங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தையல்காரம்மாவிடம் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று ஜாடை காட்டியிருக்கலாம். அவள் செய்யவில்லை. ஏன்? உங்களிடம் மறைப்பானேன்: இவர் மாடிக்குப் போனால் படம் போனாலும் போகும், படம் போனால் தான் சொன்ன அந்த வாக்கியமும் போகும் என்று அவள் மனசின் மூலையில் ஒன்று கணக்குப் போட்டது. ஐந்து மணிக்குள் இறங்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.

அக்காவுக்காக என்று சொன்னதும் தையல்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததோடு நிற்காமல், உதவிக்கும் வந்தாள்.

கைப்பேசியில் பேசினால் அந்த அலை இந்த அலையைக் கெடுக்கும் என்று அவர் சொல்லிவிட்டதால், ஆள் வரிசை ஒன்று அமைந்தது. மகள் கூடத்தில் திரையைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நிற்கும் தையல்காரம்மா அதை வாங்கி மேலே அனுப்ப வேண்டும். மாடியில் அவர் அதைக் கேட்டுத் திருப்ப வேண்டும். ஏற்பாடு கச்சிதம். சிக்கல் இரண்டே இரண்டு. அவர் ஆன்டெனாவைத் திருப்பினால் திரையில் எண் மாற நாலு விநாடி ஆகும். அது படியேறி மேலே போகும்போது அவர் இன்னொரு திருப்பு திருப்பியிருப்பார். ஆகவே இந்தத் திருப்புக்கு உரிய பாராட்டு அடுத்த திருப்புக்குக் கிடைத்தது. நல்ல திசையைக் கைவிட்டு, கெட்ட திசையில் ஆன்டெனாவை இறுக்கினார். இரண்டாவது, தையல்காரம்மாவுக்கு எந்த அளவையும் இரண்டு கூட்டிச் சொல்லித்தான் பழக்கம். தையலுக்கு விட வேண்டாமா? கீழே அறுபத்தெட்டு என்றால் மேலே எழுபது என்று போயிற்று.

இத்தனை குளறுபடியிலும் மதியம் பன்னிரண்டு மணிக்கு எண்பத்தொன்று வந்ததுதான் ஆச்சரியம். மேலே எண்பத்துமூன்று என்று போயிற்று. போதும் இறங்குங்கள் என்று கீழிருந்து எல்லாரும் கெஞ்சினார்கள். இரண்டு மணிக்கு எண்பத்தெட்டு. மேலே தொண்ணூறு. மகளே கை தட்டினாள். தொண்ணூறு வந்தால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்த மனிதர், தொண்ணூறு வந்தாயிற்று என்று கேட்டதும் குறடைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். அவருடைய இனத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. அப்புறம் மாடியிலிருந்து அந்தக் குரல் மெதுவாக வந்தது. இன்னும் கொஞ்சம்.

அவரிடம் ஒரு பூஸ்டர் இருந்தது. சிக்னலைப் பெருக்கும் சின்னப் பெட்டி. எப்போதோ வாங்கி, கண் பரிசோதனை வில்லைகளோடு ஒளித்து வைத்திருந்தார். மூன்று மணிக்கு ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கம்பியை வெட்டி, நடுவில் அதைப் பொருத்தினார்.

மகள் திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வலிமை தொண்ணூற்றேழு. தரம் பூஜ்யம்.

(இப்படிப்பட்ட மனிதர்களையும் நமக்குத் தெரியும். அவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

ஏற்கெனவே போதுமான சிக்னலைப் பூஸ்டர் பிடித்து ஊதிப் பெரிதாக்கியதில், காதுக்குள் யாரோ கத்தின மாதிரி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதுவும் புரியாமல் போயிற்று. இது மகளுக்குத் தெரியும்; அதைக் கழற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். தையல்காரம்மாவுக்குப் பூஸ்டர் என்ற சொல் புதிது. எதையோ கழற்றச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் ஆன்டெனாவைக் கழற்றினார். பிறகு மாட்டினார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, சேனல்களை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தேடச் சொல்லிக் கீழே உத்தரவு அனுப்பினார். அந்த ஒரு செய்தி மட்டும் அட்சரம் பிசகாமல் வந்து சேர்ந்தது. பெட்டி சிக்னலே இல்லாத வெளியில் இருபது நிமிடம் துழாவிவிட்டு, நேர்மையாக எழுதிக் காட்டியது: கண்டுபிடித்த சேனல்கள், 0.

கடைசியில் பூஸ்டரைப் பிடுங்கி, வெட்டிய கம்பியை மறுபடி இணைக்கப் போனபோது, அதன் நடுவே ஓடும் செம்பு இழை முறிந்து, எங்கேயோ தெறித்துப் போயிற்று. எட்டு வீட்டிலும் நீலத் திரை. மணி நாலே முக்கால்.

கூடத்தில் இருபது பேர், இருபது நாற்காலியில், ஒரு நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில்கூட அதைவிடச் சத்தம் இருக்கும்.

பஸ் அக்கா சமையலறை வாசலில் நின்று அந்த நீலத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவிற்று. போயிற்று, தப்பித்தோம் என்றிருந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம் நின்றிருக்கும். அப்புறம் அதன் அடியிலிருந்து வேறொன்று எழுந்து வந்தது. அது கோபம் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருபத்தாறு வருடம் எத்தனை லட்சம் பேர் அவள் பின்னால் ஏறி இறங்கியிருப்பார்கள்? அத்தனை பேரும் பார்த்தது அவள் பின்மண்டையை. ஒரே ஒரு நாள், ஏழு நிமிடம், முகத்தைக் காட்டலாம் என்று கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, இங்கே வந்து நிற்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும். பார்த்தே தீர வேண்டும்.

ஜன்னலுக்குப் போனாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் முடிதிருத்தும் கடை. அதன் அலமாரி மேல் ஒரு குட்டித் தொலைக்காட்சியில் வட்டாரச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. படம் இங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

அக்கா கூடத்தின் பக்கம் திரும்பினாள். டிப்போ குரல் தானாக வந்தது.

"எல்லாரும் எழுந்திருங்க. இந்த வண்டி போகாது. அடுத்த வண்டிக்கு மாறிக்கலாம்."

இருபது பேரும் டிக்கெட் வாங்கினவர்கள் மாதிரி எழுந்தார்கள். படியில் நிற்காதீர்கள், முன்னால் போய்க்கொண்டே இருங்கள் என்று, மேல்படியில் நின்ற தையல்காரம்மாவையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு, அவள் பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் இறங்கி ஒரு கையை உயர்த்தினாள். இரண்டு பக்கத்து வண்டியும் நின்றன. கடைக்குள் இரண்டு நாற்காலி. ஒன்றில், கன்னம் ஒன்றில் மட்டும் நுரையோடு ஒரு வாடிக்கையாளர். நான்கு பேர் நின்றால் நெரிசல் என்று சொல்லக்கூடிய அந்த இடத்தில் இருபத்திரண்டு பேர் எப்படி அடங்கினார்கள் என்றால், அடக்கியது யார் என்று யோசியுங்கள்.

கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கண்ணாடியின் ஓரத்தில், துண்டு மாட்டும் கொக்கியில், ஒரு சாதாரணக் கம்பி கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அவருடைய ஆன்டெனா. போன வருடம் துண்டை எடுக்கும்போது தற்செயலாக அப்படி விழுந்ததாம்; அன்றிலிருந்து படம் அருமையாகத் தெரிகிறதாம்; அதனால் அன்றிலிருந்து அந்தக் கொக்கியில் துண்டே மாட்டுவதில்லையாம். அதை மட்டும் யாரும் தொட்டுவிடாதீர்கள் என்றார். மகளுக்கு, வளர்ந்த வீட்டுப் பழக்கம், ரிமோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐம்பத்தொன்று. சத்தம் போடாமல் மூடிவிட்டாள்.

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி தொடங்கிற்று. திரை முழுக்க அக்காவின் முகம். வெயில் ஒரு பக்கமாக விழ, கண் சாலையில் இருக்க, உதடு மட்டும் பேசியது. இது என் முகமா, இவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று அவளே நினைத்தாள். நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் திரையைப் பார்த்தார், திரும்பி அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பதினோரு வருடமாக அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாராம். "நீங்கதானா அது?" என்றார். அக்காவுக்கு அது ஒன்றே போதும் போலிருந்தது.

மாடியிலோ, ஒருவர் முறிந்த கம்பியைப் பல்லால் உரித்து, எப்படியோ முறுக்கிக் கட்டிவிட்டு, "இப்போ?" என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். படிக்கட்டு வரைக்கும் வந்து கேட்டார். பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். தன் குடியிருப்பு மொத்தமும் எதிர்க்கடையில் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அவர் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து ஐந்து. தலையில் ஒட்டடை, கையில் குறடு. சட்டைப் பையிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அக்கா அதோடு திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவரையே பார்த்தாள். திரையில் பேருந்து கடைசி நிறுத்தத்துக்கு வந்தது. இன்ஜின் அணைந்தது. வெட்டியிருப்பார்கள், கட்டாயம் வெட்டியிருப்பார்கள்.

வெட்டவில்லை.

"எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்," என்றது திரையிலிருந்த முகம், சிரித்துக்கொண்டே. "ஆனா எது நல்லா ஓடிட்டிருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. உடனே கைய வெச்சிடுவார். இருபத்தாறு வருஷமா அவர்கிட்டேருந்து ஒண்ணே ஒண்ணைத்தான் காப்பாத்தி வெச்சிருக்கேன். இந்த பஸ்ஸை."

கடை வெடித்துச் சிரித்தது. தையல்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாடிக்கையாளரின் நுரை கண்ணாடியில் தெறித்தது. இரண்டு விநாடி கழித்துத்தான், யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவரும் கூட நிற்கிறார் என்று ஒவ்வொருவராக நினைவு வந்து, சிரிப்பு அங்கங்கே அணைந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அவர் தொண்டையைச் செருமினார்.

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடி, கியர் மாத்தறப்ப, லேசா ஒரு சத்தம் வருது. கவனிச்சியா?"

மறுபடி கடை சிரித்தது. இந்தத் தடவை அவரும் கொஞ்சம் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது. அவருக்கு அந்த வார்த்தை சுட்டதா, சுட்டதை மறைக்கத்தான் கியரைப் பிடித்துக்கொண்டாரா, அல்லது நிஜமாகவே அந்தச் சத்தம் ஒன்றுதான் அவர் காதில் விழுந்ததா? இருபத்தாறு வருடம் கூடக் குடித்தனம் நடத்திய அக்காவுக்கே அது பிடிபடவில்லை. கண் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. ஒட்டடையாகவும் இருக்கலாம்.

நிகழ்ச்சியில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி. தெருவில் ஏதோ லாரி போயிற்று. படத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டம் உடைந்து, உடனே சரியாயிற்று. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். அவரைக் கேட்காமலே அவருடைய வலது கை மெதுவாக உயர்ந்தது, கண்ணாடி ஓரத்துக்கு, கொக்கிக்கு, அந்தக் கோணல் கம்பிக்கு. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இருபத்திரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். விரலோடு விரல் கோத்து, கீழே இறக்கி, தன் பக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டாள். நிகழ்ச்சி முடியும் வரை விடவில்லை. முடிந்து எல்லாரும் கை தட்டியபோதும் விடவில்லை. அவர்கள் இருவர் மட்டும்தான் அங்கே கை தட்டாதவர்கள். இத்தனை வருடம் கழித்தும் எப்படிக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள் பாருங்கள் என்று தையல்காரம்மா உருகிப்போய்ச் சொன்னாள். அக்கா அதை மறுக்கவில்லை. மறுக்கும்படி அதில் ஒன்றும் இல்லை என்றும் அவளுக்கு அப்போதுதான் தோன்றிற்று. அவரும் கையை உருவப் பார்க்கவில்லை. ஒரு பொருளைச் சரிசெய்யாமல் அந்தக் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை ஆள் கூப்பிட்டுப் புதுக் கம்பி போட்டார்கள். இப்போது தரம் அறுபத்தாறு. படத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருக்கு மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து வருகையில், அந்த மனிதர் மாடியிலேயே ஒரு குட்டித் தொலைக்காட்சியை வைத்துக்கொண்டு திருப்பியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே என்று உங்களுக்குத் தோன்றியதா? எண்பத்தெட்டோடு நிறுத்தியிருக்கலாம் என்று பல்லைக் கடித்தீர்களா? நடுவில் ஏதோ ஒரு வாக்கியம் கொஞ்சம் நீளம், அதை இரண்டாக உடைத்திருக்கலாம் என்று விரல் துடித்ததா? பேனாவைத் தேடினீர்களா?

தேடினீர்கள். எனக்குத் தெரியும். தயவுசெய்து யாரிடமாவது உங்கள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.